தஞ்சை ஏடுகளும் சமணர் இல்லங்களும்

காவிரிப் படுகையின் ஈரம் நெற்பயிருக்கு உயிர், பனையோலைக்குப் பகை. அடைமழைக் காலத்தில் பரண்மேல் கிடக்கும் ஏட்டில் பூஞ்சணம் படரும். செல்லும் பூச்சியும் எஞ்சியதை அரிக்கும். எவ்வளவு பேணினும் ஓலைக்குச் சில நூற்றாண்டுகளே ஆயுள். ஆதலின் முன்னோர் நைந்த ஏட்டைப் புதிய ஓலையில் படியெடுத்துக்கொண்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டனர். காலப்போக்கில் படியெடுப்பது நின்றது. ஆற்றில் விடுவது மட்டும் நிற்கவில்லை!

இத்தகைய நாட்டில், தஞ்சை அரண்மனை வளாகத்துச் சரசுவதி மகால் நூலகம் 40,000க்கு மேற்பட்ட சுவடிகளைக் காத்து நிற்கிறது. நாயக்க மன்னர் காலத்தில் தோன்றி மராட்டியர் காலத்தில் வளர்ந்த நூலகம் அது. 1798 முதல் 1832 வரை அரசுரிமை பெற்றிருந்த இரண்டாம் சரபோஜி, காசி யாத்திரையின்போதும் சுவடிகளைத் திரட்டினார். ஐரோப்பிய நூல்களை வரவழைத்துத் தம் கையொப்பமும் இட்டு வைத்தார்.

அங்குள்ள பாதுகாப்பு முறை நாட்டு மருந்துக்கடையை நினைவூட்டும். வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, இலவங்கப்பட்டை ஆகியவற்றைப் பொடித்துக் கற்பூரம் சேர்த்து, சிறு துணிப் பொட்டலங்களாகக் கட்டிச் சுவடிகளின் அருகே வைப்பர். உலர்ந்த ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவர். எழுத்து மங்கினால் கரி மை பூசித் துடைப்பர். நைந்த தாளின் இருபுறமும் மெல்லிய சிஃபான் துணியை ஒட்டுவர். நுண்படமும் கணினிப் பதிவும் பின்னர் வந்தவை.

எனினும் இவை காப்பது ஓலையை மட்டுமே. கட்டினுள் இருப்பது இன்ன நூல் என்று வெளியுலகம் அறிந்தாலன்றோ நூல் வாழும்? தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல், அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்குத் தொகுத்த அட்டவணை 1880இல் வெளிவந்தது. 1918இல் நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. 1928 முதல் பி.பி.எஸ்.சாஸ்திரியாரின் வடமொழி விளக்க அட்டவணை 19 தொகுதிகளாக வந்தது. தமிழ்ச் சுவடிகளுக்கு எல்.உலகநாத பிள்ளை அட்டவணை வகுத்தார். ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ முதலியவற்றை நூலகமே அச்சிட்டு வழங்கியது. பொட்டலம் கட்டிய கைகளுக்கு ஈடான பெருமை அட்டவணை எழுதிய கைகளுக்கும் உண்டு.

ஏடு இருந்தும் பொருள் விளங்காத நிலைக்குச் சீவக சிந்தாமணியே சான்று. 1880இல் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ.வே.சாமிநாதையரிடம் அந்நூலைப் பற்றி வினவியவர் சேலம் இராமசுவாமி முதலியார். பெரும்புலவரிடம் பயின்ற ஐயருக்கும் அது புதிய கடலாகவே இருந்தது. உரையில் வரும் சமண சமயச் செய்திகளை எந்த அகராதியும் விளக்கவில்லை. விளக்கியவர்கள் குடந்தைச் சமணர்கள். சந்திரநாத செட்டியார் முதலியோர் துணையால், அந்நூலை வழிவழியாகப் பாடம் கேட்டுவரும் குடும்பங்களை ஐயர் அறிந்தார். சிந்தாமணி படித்து முடித்ததை ஓர் இல்லத்தார் விழாவாகக் கொண்டாடியதைக் கண்டு அவர் வியந்தார். 1887இல் நூல் அச்சேறியது. அரண்மனைக்கு வெளியே, சமணர் வீட்டுக் கூடங்களில் நிகழ்ந்த காப்புப்பணி இது. படித்தவர் இருந்தமையால் ஏடும் இருந்தது.

சுருத பஞ்சமியன்று ஏடுகளை வெளியே எடுத்துத் துடைத்துப் பூசித்து, மீண்டும் துணியில் கட்டிவைக்கும் வழக்கம் சமணரிடையே தொன்றுதொட்டு உள்ளது. கட்டை அவிழ்க்கும் அந்நாளிலேயே நூலின் பெயர், ஏடுகளின் எண்ணிக்கை, முதலும் இறுதியும் உள்ளனவா என்பது ஆகியவற்றைத் தாளில் குறித்துவைத்தல் அரைநாள் வேலை. கரந்தையிலும் மன்னார்குடியிலும் தீபங்குடியிலும் சமணக் கோயில்களைச் சூழ்ந்து வாழ்ந்த குடும்பங்களுள் பல இன்று தொலைநகரங்களில் உள்ளன. பூட்டிய வீட்டின் பரணில் ஏடு இருப்பின், அதனைப் படிக்கத் தெரிந்த முதியவர் உள்ளபோதே இறக்கிப் பார்த்தல் வேண்டும்.

வீட்டில் பேண இயலாதோர் நூலகத்தை நாடலாம். ஜம்புநாத பட் லாண்டகே, காகல்கர், பதங்க அவதூதர் ஆகியோர் குடும்பத்தார் தம் தொகுதிகளைச் சரசுவதி மகாலுக்கு வழங்கினர். அத்தொகுதிகள் அவர்கள் பெயராலேயே அங்கு வழங்கப்படுகின்றன.