காணாமல் போன கான்டாக்ட், மெயில், நோட்ஸ்: எங்கே தேடுவது? மீட்க எத்தனை நாள் இருக்கிறது?

"நேத்து வரைக்கும் போன்லதான் இருந்துச்சு, இன்னைக்குக் காணோம்." வீட்டு ஓனரின் நம்பர், இன்டர்வியூ தேதி, பாஸ்போர்ட் விண்ணப்ப எண்ணைக் குறித்து வைத்த நோட்ஸ், பழைய கம்பெனியிலிருந்து வந்த ஃபார்ம் 16 மெயில் என எதைப் பற்றியும் இந்தப் புலம்பல் வரலாம்.

ஆனால் கண்ணில் படாதது எல்லாம் அழிந்துபோனது அல்ல. அந்தத் தகவல் வேறொரு கணக்கிலோ, வேறொரு ஃபோல்டரிலோ, திரையில் காட்டாமல் மறைத்து வைக்கப்பட்ட பட்டியலிலோ இருக்கலாம். நிஜமாகவே டெலீட் ஆகியிருந்தாலும் சில நாட்கள் ட்ராஷில் காத்திருக்கும். அந்த நாட்கள் முடிந்த பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. எனவே எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே தேட வேண்டும், கையில் எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்பதைப் பார்க்கலாம்.

முதலில் செய்யக் கூடாதது என்ன?

பதற்றத்தில் பலரும் செய்வது இதுதான்: செயலியை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்வது, கூகுள் கணக்கை போனிலிருந்து எடுத்துவிட்டு மீண்டும் சேர்ப்பது, 'கிளியர் டேட்டா' கொடுப்பது. சர்வருக்கு இன்னும் போய்ச் சேராத தகவல் போனில் மட்டும் இருந்தால், இந்த ஒரு தட்டலில் அது போய்விடும்.

அதற்குப் பதிலாக, ஒரு லேப்டாப்பில் பிரவுசரைத் திறந்து அதே கணக்கில் நுழைந்து பாருங்கள். காணாமல் போனது அங்கே இருக்கிறதா? இருந்தால் பிரச்னை போனில்தான். சிங்க் நின்றிருக்கலாம் அல்லது ஏதோ ஒரு வடிகட்டி அதை மறைத்திருக்கலாம். அங்கேயும் இல்லையென்றால் ட்ராஷைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் பழைய போனோ டேப்லெட்டோ அதே கணக்குடன் சும்மா கிடக்கிறதா? அதில் பழைய பட்டியல் அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் இணையம் கிடைத்தவுடன் அதுவும் சிங்க் ஆகி, டெலீட் ஆனதை அங்கேயும் டெலீட் செய்துவிடும். வைஃபை ரவுட்டரை அணைத்து, மொபைல் டேட்டாவும் இல்லாத நிலையில் அதை ஆன் செய்து, தேவையானதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கான்டாக்ட்: எந்தக் கணக்கில் சேமித்தோம்?

ஆண்ட்ராய்டு போனில் ஒரு நம்பரை மூன்று இடங்களில் சேமிக்க முடியும்: சிம், போன் மெமரி, கூகுள் கணக்கு. போன் மாற்றும்போது தானாகக் கூடவே வருவது கூகுள் கணக்கில் இருப்பது மட்டும்தான். சிம்மில் இருப்பது சிம்மோடு போகும். போன் மெமரியில் இருப்பது பழைய போனிலேயே தங்கிவிடும். "புது போன் வாங்கினேன், பாதி நம்பர் வரலை" என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பழைய போன் இன்னும் கையில் இருந்தால், எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன்பு கான்டாக்ட்ஸ் செட்டிங்கில் உள்ள 'எக்ஸ்போர்ட்' மூலம் அவற்றை எடுத்துவிடலாம்.

இரண்டு ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கான்டாக்ட்ஸ் செயலி ஒரு கணக்கின் பட்டியலை மட்டும் காட்டிக்கொண்டிருக்கலாம். மேலே உள்ள புரொஃபைல் படத்தைத் தொட்டு மற்ற கணக்குக்கு மாறிப் பாருங்கள். மெயில் மட்டுமே அனுப்பிய ஆட்கள் 'அதர் கான்டாக்ட்ஸ்' என்ற தனிப் பட்டியலில் இருப்பார்கள்.

பெயர் போனாலும் நம்பர் கிடைக்க வழி இருக்கிறது. கால் பட்டியலிலும் வாட்ஸ்அப் உரையாடலிலும் பெயரில்லாத வெறும் எண்ணாக அது நிற்கும்.

காலண்டர், நோட்ஸ்: இருக்கிறது, ஆனால் தெரியாது

கூகுள் காலண்டரில் ஒரு மீட்டிங் காணவில்லையா? இடது பக்கப் பட்டியலில் அந்தக் காலண்டரின் டிக் எடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் 'நோ' சொன்ன அழைப்புகளை மறைக்கும் வசதி செட்டிங்கில் உண்டு. கை தவறி 'நோ' அழுத்தியிருந்தால் மீட்டிங் கண்ணில் படாது. வெளிநாட்டு டீமோடு வேலை செய்பவர்கள் நேர மண்டலத்தையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் திங்கள் மாலை என்பது நமக்குச் செவ்வாய் அதிகாலை. மீட்டிங் காணாமல் போகவில்லை, அடுத்த நாளுக்கு நகர்ந்திருக்கிறது.

கூகுள் கீப்பில் ஒரு குறிப்பைக் கை தவறித் தள்ளினால் அது டெலீட் ஆகாது, ஆர்க்கைவுக்குப் போகும். முதலில் அங்கே தேடுங்கள். ஐபோன் நோட்ஸில் ஐகிளவுட், 'ஆன் மை ஐபோன்', ஜிமெயில் எனத் தனித்தனிக் கணக்குகளில் குறிப்புகள் சேரும். போனிலிருந்து ஜிமெயில் கணக்கை எடுத்தால் அதில் இருந்த குறிப்புகளும் கூடவே மறையும். அவை அழிவதில்லை. பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்தால் 'நோட்ஸ்' என்ற லேபிளின் கீழ் கிடைக்கும்.

மெயில்: தேடல் எல்லா இடத்தையும் பார்ப்பதில்லை

ஜிமெயிலில் சாதாரணமாகத் தேடினால் ஸ்பாமும் ட்ராஷும் அதில் சேராது. தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் உள்ள வடிகட்டி ஐகானைத் தட்டி, தேடும் இடம் என்பதில் 'மெயில், ஸ்பாம், ட்ராஷ்' மூன்றும் சேர்ந்த விருப்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே பெட்டியில் அனுப்பியவர், தேதி, இணைப்பு உள்ளதா என்றெல்லாம் சுருக்கலாம். 'ஆர்க்கைவ்' ஆன மெயில் இன்பாக்ஸில் இருக்காது, 'ஆல் மெயில்' பகுதியில் இருக்கும்.

எப்போதும் ஒரே இடத்திலிருந்து வரும் மெயில்கள் மட்டும் காணாமல் போகின்றனவா? செட்டிங்கில் ஃபில்டர் பகுதியைத் திறந்து பாருங்கள். என்றோ போட்டு மறந்த ஒரு விதி அவற்றை இன்பாக்ஸுக்கு வராமலே ஒதுக்கிவிடலாம், நேராக ட்ராஷுக்கும் அனுப்பலாம். நீங்கள் போடாத விதியோ, தெரியாத முகவரிக்கு ஃபார்வர்டிங்கோ அங்கே இருந்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். கணக்குக்குள் வேறு யாரோ புகுந்திருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம் அது.

அலுவலக லேப்டாப்பில் உள்ள அவுட்லுக் சில நேரம் சமீபத்திய மாதங்களின் மெயில்களை மட்டும் இறக்கி வைத்திருக்கும். இரண்டு ஆண்டுக்கு முந்தைய மெயில் அங்கே கிடைக்கவில்லை என்றால் பிரவுசர் வழியாக அவுட்லுக்கைத் திறந்து தேடுங்கள்.

தமிழ்ப் பெயருக்கு எத்தனை ஸ்பெல்லிங்?

நமக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழில் சேமித்த பெயர் ஆங்கிலத்தில் தேடினால் வராமல் போகலாம். ஆங்கிலத்திலும் 'லட்சுமி'க்கு 'எக்ஸ்' போடுபவர்கள் உண்டு, 'கே எஸ் ஹெச்' போடுபவர்களும் உண்டு. 'ழ' வந்தால் ஒருவர் 'இசட் ஹெச்' என்பார், இன்னொருவர் 'எல்' என்பார். இனிஷியல் முன்னால் வருமா, பின்னால் வருமா என்பது அடுத்த குழப்பம்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு வேறு கயிற்றைப் பிடியுங்கள்: ஊர், கம்பெனி, நம்பரின் கடைசி நான்கு இலக்கம். இனி சேமிக்கும்போதே 'கார்த்திக் ஏசி மெக்கானிக் வேளச்சேரி' என்று போட்டு வைத்தால், மூன்றில் எது ஞாபகம் வந்தாலும் ஆள் கிடைப்பார். ஜிமெயிலில் அரைகுறைச் சொல்லை அடிக்காமல் முழுச் சொல்லாகத் தேடுங்கள்.

டெலீட் ஆகிவிட்டது, எத்தனை நாள் இருக்கிறது?

ஜிமெயில் ட்ராஷ், ஸ்பாம்: 30 நாள்
கூகுள் கான்டாக்ட்ஸ் ட்ராஷ்: 30 நாள்
கூகுள் காலண்டர் ட்ராஷ்: 30 நாள்
கூகுள் கீப் ட்ராஷ்: 7 நாள்
ஐபோன் நோட்ஸ், 'ரீசன்ட்லி டெலீட்டட்': 30 நாள்
ஒன்நோட் ரீசைக்கிள் பின்: 60 நாள்
அலுவலக அவுட்லுக்கில் 'டெலீட்டட் ஐட்டம்ஸ்' ஃபோல்டரிலிருந்தும் நீக்கிய மெயில்: வழக்கமாக 14 நாள், நிர்வாகி நினைத்தால் 30 நாள் வரை நீட்டலாம்

இதில் கூகுள் கீப்புக்குத்தான் அவகாசம் மிகக் குறைவு. மெயிலுக்கு ஒரு மாதம் இருக்கிறதே என்ற நினைப்பில் நோட்ஸைத் தள்ளிப்போட்டால் ஒரே வாரத்தில் கதை முடிந்துவிடும்.

ஒரு நம்பர், இரண்டு நம்பர் என்றால் ட்ராஷ் போதும். பட்டியலே கலைந்துபோயிருந்தால் கூகுள் கான்டாக்ட்ஸின் இணையப் பக்கத்தில் 'அன்டூ சேஞ்சஸ்' இருக்கிறது. 10 நிமிடம், 1 மணி நேரம், நேற்று, ஒரு வாரம் என 30 நாளுக்குள் எந்த நிலைக்கும் மொத்தப் பட்டியலையும் திருப்பலாம். ஆனால் இடையில் நீங்கள் புதிதாகச் சேர்த்த நம்பர்கள் அந்தப் பழைய நிலையில் இருக்காது. அவற்றை முதலில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டுத் திருப்புங்கள்.

ஐகிளவுட் இணையதளத்தின் 'டேட்டா ரெகவரி' பகுதியிலும் கான்டாக்ட், காலண்டர் ஆகியவற்றின் பழைய பிரதிகள் கிடைக்கும். காலண்டரைத் திருப்பும்போது மட்டும் ஜாக்கிரதை: ஏற்கெனவே அனுப்பிய அழைப்புகள் ரத்தாகி மறுபடி அனுப்பப்படும், பகிர்வு விவரங்களும் நீங்கும். டீம் முழுவதும் "என்னாச்சு?" என்று கேட்கும்.

அலுவலகக் கணக்கு உங்களுடையது அல்ல

வேலை மாறுபவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். அலுவலகக் கணக்கின் சாவி நிறுவன நிர்வாகியிடம் இருக்கிறது. கூகுள் வொர்க்ஸ்பேஸ் பயன்படுத்தும் நிறுவனத்தில், நீக்கப்பட்ட பயனர் கணக்கை 20 நாளுக்குள் நிர்வாகி மீட்க முடியும். பணியில் இருப்பவரின் ட்ராஷிலிருந்தும் போய்விட்ட மெயிலை மீட்க 25 நாள் இருக்கிறது. உங்கள் போனில் ட்ராஷ் காலியாக இருந்தாலும் ஐடி டீமிடம் உடனே கேட்டால் பலன் இருக்கலாம் என்பதே இதன் பொருள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் வாய்ப்பு மிகக் குறைவு.

கடைசி நாளுக்கு முன்பே சம்பள சீட்டு, பணி உத்தரவு, ரிலீவிங் கடிதம் போன்ற உங்கள் சொந்த ஆவணங்களைத் தனிப்பட்ட மெயிலுக்கு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபார்ம் 16 நிதியாண்டு முடிந்த பிறகுதான் வரும். அப்போது பழைய மெயில் உங்களிடம் இருக்காது. எனவே ஹெச்.ஆரிடம் தனிப்பட்ட முகவரியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். வங்கி, வருமான வரி இணையதளம் ஆகியவற்றில் அலுவலக மெயிலைக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். வாடிக்கையாளர் பட்டியல் போன்ற நிறுவனத் தகவலை எடுத்துச் செல்வது வேறு விஷயம், அது ஒப்பந்தத்தை மீறுவதாகலாம்.

'மீட்டுத் தருகிறோம்' என்பவர்கள்

பதற்றத்தில் இணையத்தில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடுபவர்களைக் குறிவைத்தே போலி எண்கள் உலவுகின்றன. போனில் பேசுபவர் திரையைப் பகிரும் செயலியை இன்ஸ்டால் செய்யச் சொன்னாலோ, ஓடிபி கேட்டாலோ, சிறு தொகை அனுப்பச் சொன்னாலோ அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

சிங்க் என்பது பேக்கப் அல்ல

"எல்லாம் கிளவுட்ல இருக்கு" என்ற நம்பிக்கையில் ஓர் ஓட்டை இருக்கிறது. சிங்க் என்பது எல்லாக் கருவிகளையும் ஒரே மாதிரி வைத்திருக்கும் வேலை. போனில் ஒன்றை அழித்தால் லேப்டாப்பிலும் டேப்லெட்டிலும் அது அழியும். நீங்கள் சேமித்ததை எவ்வளவு ஒழுங்காகப் பரப்புகிறதோ, அதே ஒழுங்கோடு உங்கள் தவறையும் பரப்பும். பேக்கப் என்பது, நீங்கள் இங்கே என்ன செய்தாலும் மாறாமல் தனியாக இருக்கும் பிரதி.

இதன் அருமை 2 சம்பவங்களில் தெரியும். அமெரிக்காவில் டி-மொபைல் விற்ற சைட்கிக் போன்களின் கான்டாக்ட், காலண்டர், படங்கள் எல்லாம் மைக்ரோசாஃப்டின் துணை நிறுவனமான டேஞ்சரின் சர்வர்களில் இருந்தன. 2009 அக்டோபரில் அந்த சர்வர்கள் பழுதாகி, தகவல்கள் திரும்பாது என்றே முதலில் அறிவிக்கப்பட்டது. பல நாள் போராட்டத்துக்குப் பிறகே பெரும்பகுதி மீட்கப்பட்டது.

2011 பிப்ரவரி 27 அன்று ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் இன்பாக்ஸ் காலியானது. கூகுளின் பல பிரதிகளையும் அந்தப் பிழை பாதித்தது. கடைசியில் கைகொடுத்தது ஆஃப்லைனில் வைத்திருந்த காந்த நாடாக்கள். இணையத்தோடு இணைக்கப்படாததால் பிழை அவற்றை எட்டவில்லை.

அந்த நாடாவுக்கு இணையான ஒன்றை நாமும் வைத்துக்கொள்ளலாம், செலவில்லாமல். கூகுள் டேக்அவுட்டில் கான்டாக்ட், காலண்டர், கீப், மெயில் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்தால் மொத்தமும் கோப்பாகக் கிடைக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என ஓராண்டுக்குத் தானாகத் தயாராகும்படியும் அமைக்கலாம். கான்டாக்ட் 'விசிஎஃப்' கோப்பாகவும் காலண்டர் 'ஐசிஎஸ்' கோப்பாகவும் வரும். இவை பொதுத் தரங்கள் என்பதால் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் செயலிகளிலும் திறக்கும். இறக்கிய கோப்பை பென்டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ வையுங்கள்.

அதோடு, பல ஆண்டுகளாகத் திறக்காத பழைய ஜிமெயில் கணக்கு இருந்தால் ஒருமுறை உள்ளே நுழைந்துவிடுங்கள். 2 ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை கூகுள் 2023 டிசம்பர் முதல் அமல்படுத்துகிறது. கல்லூரிக் காலத்து மெயில்கள், பழைய நண்பர்களின் நம்பர்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கும். கணக்கே போய்விட்டால் அவற்றைத் தேடுவதற்கு ட்ராஷ்கூட இருக்காது.