காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா?

"செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கிறதா?" என்று நம் பெரியவர்கள் ஒரு பழமொழி சொல்லி வைத்திருக்கிறார்கள். இதன் அருமை மற்ற ஊர்க்காரர்களுக்குத் தெரிகிறதோ இல்லையோ, ஆம்பூர்க்காரர்களுக்கு நிச்சயம் தெரியும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தோலைப் பதனிட்டும் ஷூ தைத்தும் ஜனங்கள் பிழைத்து வருகிறார்கள். கண்ணால் கண்டிராத ஐரோப்பியரின் கால்களுக்குக்கூடப் பிசகாமல் ஷூ தைத்து அனுப்புகிறவர்கள் இவர்கள். வாங்குகிறவனின் கால்தான் எஜமான் என்பது இவர்களுக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டாத பாடம்.

இப்பேர்ப்பட்ட ஊரில் 2010-ஆம் ஆண்டுக்கும் 2013-ஆம் ஆண்டுக்கும் இடையில் செல்போன் கடைக்குப் போனவர்களுக்கெல்லாம் ஒரு தர்மசங்கடம் காத்திருந்தது. "நோக்கியாவா, சாம்சங்கா?" என்பதுதான் அது. பெண்ணுக்கு இரண்டு வரன் வந்தால் குடும்பம் எப்படி இரண்டு கட்சியாகப் பிரியுமோ, அப்படியே இந்த விஷயத்திலும் பிரிந்தது. இப்போது திரும்பிப் பார்த்தால் அந்தச் சில வருஷங்களைச் சரித்திரம் என்றே சொல்ல வேண்டும். கடைப் பலகையில் நடந்த சிறு பேரங்களின் எதிரொலி, அதே நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஒரு தொழிற்சாலையில் கேட்டது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல உத்தேசம்.

முதலில் நோக்கியா எப்படி நம் வீட்டுப் பிள்ளையாயிற்று என்று பார்ப்போம். 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி, மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் உரையாடல் அதுதான். பேசிய கருவி நோக்கியா. அந்த நாளில் செல்போன் பெரிய மனிதர்களின் ஆபரணம். வந்த அழைப்பை எடுத்துப் பேசுவதற்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது! 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் அழைப்பவரே பணம் கட்டும் முறை வந்தது. அதன் பிறகுதான் சாமானியர்களின் சட்டைப் பைக்குள் செல்போன் புகுந்தது. "மிஸ்டு கால்" என்ற புதிய பாஷையும் பிறந்தது.

அதே 2003-இல் நோக்கியா கம்பெனி 1100 என்ற எண்ணுடன் ஒரு கருவியை வெளியிட்டது. பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் உச்சியில் ஒரு டார்ச் விளக்கு இருந்தது. தூசி புகாத ரப்பர் விசைப்பலகை இருந்தது. ஈரக் கையில் வழுக்காத பக்கவாட்டு இருந்தது. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் நாள் கணக்கில் தாங்கியது. தோல் பதனிடும் இடத்தில் ஈரக் கையோடு நிற்பவருக்கும், ஷிப்டு முடிந்து இருட்டில் வீடு திரும்பும் பெண்ணுக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்? ஷூவின் மேற்பாகத்தை, அதாவது "அப்பர்" தைக்கும் பெண் ஒருத்தியைக் கேட்டு, அவள் சொன்ன பட்டியலைப் பார்த்துச் செய்தது போல் இருந்தது அந்தக் கருவி. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றதாகக் கணக்கு. காலுக்குச் செருப்பு என்றால் இதுவல்லவா!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நோக்கியாவின் பூர்வோத்தரத்தை விசாரித்தால் அதுவும் பாதி செருப்புக் கடைதான். 1865-இல் பின்லாந்து நாட்டில் பிரெட்ரிக் இடெஸ்டாம் என்பவர் மரக்கூழ் ஆலை ஒன்றை ஆரம்பித்தார். அந்தக் காகிதக் கம்பெனியும், ஒரு ரப்பர் கம்பெனியும், ஒரு கேபிள் கம்பெனியும் 1967-இல் ஒன்றாக இணைந்தன. அந்த ரப்பர் கம்பெனியின் புகழ் பெற்ற சரக்கு, மழைக்கும் பனிக்கும் போடும் ரப்பர் பூட்ஸ். சாம்சங்கின் பூர்வீகமோ மளிகை. 1938-இல் கொரியாவின் தேகு நகரில் லீ பியுங்-சுல் என்பவர் கருவாடும் காய்கறியும் நூடுல்ஸும் விற்கத் தொடங்கிய வியாபாரம் அது. பூட்ஸ்காரரும் கருவாட்டு வியாபாரியும் ஒரு நாள் ஆம்பூர்க் கடைவீதியில் எதிரெதிரே நிற்பார்கள் என்று 1938-இல் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

கருவாட்டு வியாபாரியை லேசாக எண்ணிவிட வேண்டாம். 1995-இல் சாம்சங் தயாரித்த செல்போன்களில் குறைகள் இருப்பதாகப் புகார் வந்தபோது, அதன் தலைவர் குமி நகரத்துத் தொழிற்சாலை மைதானத்தில் ஏறத்தாழ 1,50,000 கருவிகளைக் குவிக்கச் செய்தார். செய்த தொழிலாளர்களின் கண்ணெதிரிலேயே அவற்றை உடைத்துக் கொளுத்தினார்கள். கொடுமையான பாடம்தான், ஆனால் பாடம் பதிந்தது.

இரண்டு கம்பெனிகளும் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கே வந்து சேர்ந்தன. 2006-இல் நோக்கியா அங்கே செல்போன் தொழிற்சாலை திறந்தது. 2007-இல் சாம்சங்கும் வந்து டெலிவிஷன், குளிர்சாதனப் பெட்டி போன்ற வீட்டுச் சாமான்களைச் செய்ய ஆரம்பித்தது. நோக்கியாவில் மட்டும் உச்ச காலத்தில் ஏறக்குறைய 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் இளம் பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி வந்தவர்கள். வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அண்ணனின் கடனையும் தங்கையின் கல்யாணத்தையும் அந்தச் சம்பளம் சுமந்தது.

இனி கடைவீதிக்கு வருவோம். 2010-இல் சாம்சங் "கேலக்ஸி எஸ்" என்னும் வரிசையைக் கொண்டு வந்தது. கண்ணாடிப் பலகையை விரலால் தடவினால் படம் நகர்ந்தது. அதற்குள் இருந்த மென்பொருள் கூகிள் கம்பெனியின் ஆண்ட்ராய்டு. அதற்குச் செயலிகள் எழுதித் தருவதற்கு உலகமெங்கும் ஆட்கள் திரண்டார்கள். நோக்கியா தன் பழைய சிம்பியன் மென்பொருளை வைத்துக் கொண்டு தடுமாறியது. 2011 பிப்ரவரியில், "இனி எங்கள் உயர்ரகக் கருவிகளில் மைக்ரோசாப்டின் விண்டோஸ்தான்" என்று அறிவித்தது. ஆண்ட்ராய்டுப் பக்கம் திருவிழாக் கூட்டம். விண்டோஸ் பக்கம் சில கடைகளே திறந்திருந்த சந்தை.

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறாள். பிள்ளை வேலூரில் கல்லூரியில் படிக்கிறான். தீபாவளிப் போனஸில் ஒரே ஒரு போன் வாங்கலாம். 2012-இல் மின்வெட்டு பல மணி நேரம் நீடித்த காலம் அது. அம்மாவுக்கு நாள் முழுவதும் தாங்கும் பாட்டரி வேண்டும், டார்ச் வேண்டும், கீழே விழுந்தாலும் பிழைக்க வேண்டும். தமிழில் பெயர்கள் தெரிய வேண்டும். சாதாரண நோக்கியாக்களில் தமிழ் இருந்தது. ஆரம்ப கால ஆண்ட்ராய்டுக் கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள்தான் தெரிந்தன! பிள்ளைக்கோ மின்னஞ்சல் வேண்டும், பாட நோட்டுகளைப் படம் எடுத்து நண்பனுக்கு அனுப்ப வேண்டும், வேலை விளம்பரம் பார்க்க வேண்டும். இரண்டும் அன்றாடத் தேவைகளே. ஒன்றை அவசியம் என்றும் மற்றதை ஆடம்பரம் என்றும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மா இருக்கிற காலுக்குச் செருப்புக் கேட்டாள். பிள்ளை வளரப் போகிற காலுக்குக் கேட்டான். பெரும்பாலான வீடுகளில் முடிவில் யார் ஜெயித்திருப்பார் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெற்றவள் பழைய நோக்கியாவையே வைத்துக் கொண்டாள். புதுப் பணம் சாம்சங்குக்குப் போயிற்று.

உலகமெங்கும் அப்படியே போயிற்று. 2012-ஆம் ஆண்டின் முதல் காலாண்டில், பதினான்கு வருஷமாக நோக்கியா வகித்து வந்த முதல் இடத்தைச் சாம்சங் பிடித்துக் கொண்டது.

அதற்குப் பின் நடந்தவை மளமளவென்று நடந்தன. 2013 ஜனவரியில் வருமான வரி அதிகாரிகள் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலையில் சோதனை போட்டார்கள். மென்பொருளுக்காகத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய பணத்தின் மீது வரி பிடித்தம் செய்யவில்லை என்பது வழக்கு. கேட்ட தொகை 2,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த ஆண்டு செப்டம்பரில் நோக்கியா தன் செல்போன் வியாபாரத்தை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை மட்டும் கைமாறவில்லை. கொஞ்ச காலம் மைக்ரோசாப்டுக்குக் கூலிக்குச் செய்து கொடுத்தது. பிறகு அந்த ஆர்டரும் நின்றது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நிறுத்தப்பட்டது. அதே வளாகத்தில் அதை நம்பியிருந்த பாக்ஸ்கான் தொழிற்சாலையும் டிசம்பரில் மூடப்பட்டது.

அப்படியானால் அந்தப் பெண்களின் வேலையைப் பறித்தது கல்லூரிப் பிள்ளையா? அப்படிச் சொல்வது அநியாயம். மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவர்கள் பின்லாந்தில் இருந்தார்கள். வரி வழக்கு அரசாங்கத்துக்கும் கம்பெனிக்கும் இடையில் நடந்தது. விற்பனைப் பத்திரம் இரண்டு கம்பெனிகள் எழுதிக் கொண்டது. இவற்றில் ஒன்றிலும் அந்தப் பெண்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்காரர் முன் நின்ற பிள்ளைக்கு இரண்டு பெட்டிகள் இருந்தன. இது இல்லாவிட்டால் அது. பஸ் ஏறி வந்த பெண்ணுக்கு இருந்தது ஒரே ஒரு வாசல். "நோக்கியாவா, சாம்சங்கா?" என்ற கேள்வி அவளுக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை.

இந்த வித்தியாசத்தைத் தோல் ஊர்க்காரர்கள் நன்றாக அறிவார்கள். ஏனென்றால் அவர்கள் வாங்குகிறவர்களாகவும் இருக்கிறார்கள், பிறரால் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்களாகவும் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக் கணக்கில் தோலை ஊற வைத்தார்கள். 1903 வாக்கில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையைப் பரிசோதித்தார். வேகமாகத் தோல் பதப்படும் அந்த முறை பிற்பாடு எங்கும் பரவியது. 1989-இல் ஜெர்மனி, தோல் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கப் போடும் பென்டாகுளோரோபீனால் என்ற மருந்தைத் தடை செய்தபோது இந்த ஊர்கள் நடுங்கின. சென்னையில் 1948 முதல் இயங்கி வரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் கைகொடுத்தது. மருந்தை மாற்றினார்கள், தொழில் பிழைத்தது. 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி, பாலாற்றைப் பாழாக்கியதற்காகத் தோல் ஆலைகள் மீது உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்றது. ஆற்றின் காயம் முழுதும் ஆறிவிடவில்லை என்றாலும் தொழில் நிற்கிறது. காரணம், ஆம்பூரில் ஒரே ஒரு வாசல் இல்லை. ஒரு கம்பெனி படுத்தால், தையல் தெரிந்த பெண் அடுத்த தெருக் கம்பெனியில் போய்க் கேட்கலாம். கூலி குறைவாக இருக்கலாம். ஆனால் கேட்பதற்கு ஒரு கதவு இருக்கிறது. கையில் இருக்கும் வித்தையும் அவளுடையது. நோக்கியாப் பெண்களில் பலர் கற்றிருந்ததோ ஒரு கருவியின் ஒரு பகுதியைப் பொருத்துகிற வேலை.

ஸ்ரீபெரும்புதூரில் அதற்குப் பிறகு கதவுகள் மறுபடி திறந்தன. பாக்ஸ்கான் திரும்பி வந்து ஐபோன் செய்யத் தொடங்கியது. நோக்கியாவின் தொழிற்சாலையைச் சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி எடுத்துக் கொள்வதாக 2019-இல் அறிவிக்கப்பட்டது. 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி முதல் அக்டோபர் 15 வரை, ஜெயித்த கம்பெனியான சாம்சங்கின் தொழிலாளர்கள் சங்கம் அமைக்கும் உரிமை கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடையில் ஜெயிப்பது வேறு, தொழிற்சாலையில் ஜெயிப்பது வேறு போலும்!

இன்றைக்கும் வீடுகளில் இரண்டு பெயர்களைச் சொல்லிச் சண்டை நடக்கிறது, பெயர்தான் மாறியிருக்கிறது. வாங்கப் போகிறவர்கள், ஷூ பார்க்கத் தெரிந்த ஆம்பூர்க்காரர் போலப் பார்த்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். அவர் மேல் மினுமினுப்பைப் பார்ப்பதில்லை. மடங்குகிற இடத்தில் தோல் வெடிக்குமா, அடி தேய்ந்தால் மாற்ற முடியுமா என்று பார்ப்பார். அதுபோலவே பாட்டரி போனால் நம் ஊரில் மாற்றித் தருவார்களா, மென்பொருளை எத்தனை வருஷம் புதுப்பித்துத் தருவார்கள், வீட்டில் யார் காலுக்கு இந்தச் செருப்பு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் கால் அளவு நமக்கு எதற்கு?

வாங்கியான பிறகு ஒரு நிமிஷம் பெட்டியைத் திருப்பி, எந்த நாட்டில் செய்தது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதையும் படியுங்கள். செய்த பெண்ணின் பெயர் அதில் இருக்காது. அவளுக்கு இரண்டாவது வாசல் ஒன்று உண்டா என்று விசாரிக்க வேண்டியது கடைக்காரரிடம் அல்ல. ஓட்டுக் கேட்டு நம் வீட்டுக்கு வருகிறவர்களிடம்.