தண்டவாளம் இல்லாத தடத்தை எப்படி ஆராய்வது?



கம்போங் மேடான் பக்கம் இருக்கிறவங்களுக்குக் கிள்ளான் கொமியூட்டர் ரயில் பழகின ஒன்று. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடா வரை 1886 செப்டம்பரில் திறக்கப்பட்ட தடம் அது. இன்றும் ஓடுது. ஆனால் அதற்கு ஓராண்டு மூத்த தடம் இன்று இல்லை. 1885 ஜூன் 1-இல் திறக்கப்பட்ட தைப்பிங் – போர்ட் வெல்ட் தடம்தான் அது. மலாயாவின் முதல் இரயில் பாதை. நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர்.

ஏன் போட்டாங்க? லாருட் வட்டாரத்து ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக. ஆளுநர் பிரெடெரிக் வெல்டின் பெயர் துறைமுகத்துக்கு வந்தது. அந்த ஊர் இப்போது கோலா செப்பெத்தாங். தேர்வுக்கு இவ்வளவு போதும். ஆராய்ச்சிக்குப் போதாது. பாதையைப் போட்டவர்கள் யார்?

ஏடுகளில் ஒரு வரி கிடைக்கும்: இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட பயனியர் படைத் தொழிலாளர்கள். ஆளுநரின் பெயர் ஊருக்கே வந்தது; மண் சுமந்தவர் பெயர் அந்த வரியில் இல்லை.

நேரில் போனால் இன்னொரு சான்று உண்டு. தண்டவாளம் போய்விட்டாலும் பழைய போர்ட் வெல்ட் பெயர்ப்பலகை அங்கே நிற்குது. அதில் தமிழும் இருக்கு! உடனே “தமிழர் போட்ட பாதை” என்று எழுதிடாதீங்க. பலகை எந்த ஆண்டு வைத்தது என்று உறுதியாகாமல் 1885-க்கு அதைச் சாட்சி ஆக்க முடியாது. தமிழ் படிப்பவர்கள் அந்த நிலையத்துக்கு வந்துபோனார்கள் என்பதற்குத்தான் அது சான்று. ஒரு சான்று எவ்வளவு சொல்லுதோ அவ்வளவுதான் எழுதணும்.

மூன்றாவது சான்று மனிதர்களின் நினைவு. தம்பின் – மலாக்கா தடத்தை நினைச்சுப் பாருங்க. ஜப்பான்காரன் காலத்தில் அதன் தண்டவாளங்களைக் கழற்றிச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோனாங்க. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1942, 1943-இல் போடப்பட்டது. நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களையும் அங்கே கொண்டுபோனாங்க. பலர் திரும்பவே இல்லை. இரும்புக்குக் கணக்கு இருக்கலாம். அவர்களில் பலருடைய பெயர் குடும்பத்தார் வாயில் மட்டும்தான் மிஞ்சியிருக்கு.

அதனால் மாணவர்களே, தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போங்க. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் பழைய நாளிதழ்களைத் தேடுங்க. ஆனால் அதற்கு முன்னாடி வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் கேளுங்க: “நம்ம குடும்பத்துல யாராவது ரயில்வேயில வேலை செஞ்சாங்களா? சயாமுக்குப் போனாங்களா?” சொல்பவர் பெயர், ஊர், கேட்ட தேதி மூன்றையும் குறிச்சு வைங்க. ஆவணம் அடுத்த வருடமும் காப்பகத்தில் இருக்கும். தாத்தாவிடம் இந்த விடுமுறையிலேயே கேட்டுடுங்க.