குபெர்னெட்டீஸ் வள ஒதுக்கீடு

குபெர்னெட்டீஸ் வள ஒதுக்கீடு என்பது, ஒரே சர்வர் தொகுதியில் ஓடும் பல கன்டெய்னர்களுக்கு சிபியுவையும் நினைவகத்தையும் பிரித்துக் கொடுக்கும் முறை. லினக்ஸ் கெர்னலின் சிகுரூப் வசதியே இதன் அடித்தளம். கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கிய அந்த வேலை, 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கெர்னலில் இடம்பெற்றது. தன் சர்வர்களைப் ‘போர்க்’ என்ற உள்மென்பொருளால் நிர்வகித்துவந்த கூகுள், அந்த அனுபவத்தை வைத்து 2014இல் குபெர்னெட்டீஸைத் திறமூலமாக அறிவித்தது.

ஒவ்வொரு கன்டெய்னருக்கும் இரண்டு அளவுகள் குறிக்கலாம். ‘ரிக்வெஸ்ட்’ அதற்கென்று ஒதுக்கி வைக்கும் பங்கு. ‘லிமிட்’ உச்ச வரம்பு. கன்டெய்னர்கள் அடங்கிய ‘பாட்’ என்ற அலகை எந்த ‘நோடில்’, அதாவது எந்தச் சர்வரில், ஏற்றுவது என்று முடிவெடுக்கும் ஷெட்யூலர், ஏற்கெனவே அங்குள்ள ரிக்வெஸ்டுகளைத்தான் கூட்டிப் பார்க்கும். உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று பார்க்காது. ஒதுக்கத்தக்க 4 கோர் உள்ள நோடில் தலா 2 கோர் கேட்ட இரண்டு பாடுகள் சும்மா கிடந்தாலும், சிபியு கேட்கும் மூன்றாவதற்கு இடம் கிடைக்காது.

பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஆப் விழுந்தால் பழி வரும், சர்வர் சும்மா கிடந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் எல்லோரும் கூடுதலாகவே கேட்கிறார்கள். போர்க்கில் வரம்புகளைத் தானாகத் திருத்தும் ஆட்டோபைலட் பற்றி கூகுள் 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கையால் வரம்பு வைத்த வேலைகளில் வரம்புக்கும் பயன்பாட்டுக்கும் இருந்த இடைவெளி 46 விழுக்காடு. ஆட்டோபைலட்டிடம் விட்டவற்றில் 23. நினைவகம் போதாமல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வேலைகளும் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தன.

லிமிட்டைத் தாண்டினால் இரண்டு வளங்களுக்கும் இரண்டு விதமான தண்டனை. நினைவகம் மீறினால் கெர்னல் புராசஸைக் கொன்றுவிடும். 137 என்ற வெளியேறு எண் அதன் அடையாளம். சிபியு மீறினால் சாவில்லை, காத்திருப்புதான். அரை கோர் லிமிட் என்றால் ஒவ்வொரு 100 மில்லிவினாடியிலும் 50 மில்லிவினாடி ஓடலாம். நான்கு த்ரெட்கள் சேர்ந்து ஓடினால் அது 12.5 மில்லிவினாடியில் தீர்ந்து, மிச்ச நேரம் முழுக்க முடக்கம். சராசரி சிபியு குறைவாகத் தெரிந்தும் ஆப் இழுத்தடிப்பதற்கு இது ஒரு காரணம். இதனால் சிபியு லிமிட்டே வைக்காமல் ரிக்வெஸ்டை மட்டும் வைப்பவர்கள் உண்டு. நினைவகத்தில் அந்தத் தாராளம் ஆபத்து.

நோடின் நினைவகமே தீரும்போது, ரிக்வெஸ்டும் லிமிட்டும் குறிக்காத ‘பெஸ்ட் எஃபர்ட்’ பாடுகள்தான் முதலில் பலியாகும். இரண்டையும் சமமாகக் குறித்த ‘கேரண்டீட்’ பாடுகள் கடைசிவரை தாங்கும்.

கூட்டத்துக்கு ஏற்பப் பாடுகளின் எண்ணிக்கையை மாற்றும் கிடைமட்ட ஆட்டோஸ்கேலர், வழக்கமாக 15 வினாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும். இலக்கு 60 விழுக்காடாக இருந்து, 4 பாடுகள் சராசரியாக 90 விழுக்காட்டில் ஓடினால் 6 ஆக்கும். இந்த விழுக்காடும் ரிக்வெஸ்டை வைத்தே கணக்கிடப்படுகிறது. அது தப்பானால் இதுவும் தப்பும். ரிக்வெஸ்டையே திருத்தும் செங்குத்து ஆட்டோஸ்கேலரை அதே சிபியு அளவீட்டின் மேல் உடன் ஓட்டினால், ஒன்றின் கணக்கை மற்றது குலைக்கும்.