இரண்டு காலிக் கட்டங்கள்

பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு வாடிக்கையாளர் விவரங்களை மாற்றிக்கொண்டிருந்தோம். மாற்றி முடித்ததும், இரண்டாவது போன் நம்பர் எந்தெந்த வரியில் வேறுபடுகிறது என்று பார்க்க ஒரு குவெரி எழுதினேன். ஒரு வரிகூட வரவில்லை. எல்லாம் சரி என்று மின்னஞ்சல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் கணக்குப் பிரிவு அக்காவின் போன். "தம்பி, ரெண்டாவது நம்பர் ஒருத்தருக்குக்கூட இல்லையே, எல்லாம் எங்க போச்சு?"

அந்தக் கட்டத்தை நான் மாற்றவே இல்லை. புதிய டேபிளில் மேலிருந்து கீழ்வரை நல், அதாவது மதிப்பே இல்லை. பழைய நம்பரும் நல்லும் வேறா என்று கேட்டால் குவெரி மொழியான எஸ்க்யூஎல் ஆமாம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது; தெரியாது என்னும். ஆமாம் என்ற பதில் வந்த வரியை மட்டும்தான் குவெரி வெளியே விடும். தொலைந்ததைத் தேடப் போன குவெரி, தொலைந்த வரிகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஒளித்துவைத்துவிட்டது. தமிழில் எழுதினால் நல்வரவு, நல்வாழ்த்து என்பதில் வருகிற அதே நல்தான். அன்று எனக்கு அந்தச் சொல்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் அது கெட்ட எண்ணத்தோடு பிறந்த பிள்ளை இல்லை. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த ஆங்கிலேயர் எட்கர் காட், தரவுகளையெல்லாம் அட்டவணைகளாக வைக்கலாம் என்று 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் நல் கிடையாது. காகிதத்தில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. நிஜ அலுவலகத்தில் பாதிப் படிவம் காலியாகத்தான் வரும். அந்தக் காலியிடத்தில் பலரும் 0 போட்டார்கள், 9999 போட்டார்கள், வெற்று இடைவெளி விட்டார்கள். சராசரி வயது கணக்கிடும்போது அந்த 9999 வந்து குட்டையைக் குழப்பும்.

காட் 1979இல் வெளியிட்ட அடுத்த பெரிய கட்டுரையில் இதற்கு முறையான இடம் கொடுத்தார். அதில் அவர் விவரித்த மாதிரியின் பெயரில் ஒரு 'டி' வரும். டாஸ்மேனியாவைக் குறிப்பது அது. முதலில் அங்கே வாசித்த கட்டுரை என்பதால் அந்தப் பெயர். இல்லாத மதிப்பைக் குறிக்க அவர் எடுத்துக்கொண்டது கிரேக்க எழுத்தான ஒமேகா. 'தெரியாது' என்கிற மூன்றாவது விடைக்கும் அதே ஒமேகாதான். உண்மை, பொய் இரண்டோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கும் யோசனை தர்க்கவியலுக்குப் புதிதல்ல. போலந்துக்காரர் யான் வுகாசியேவிச் 1920லேயே அதைச் செய்திருந்தார்.

யோசித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது. பள்ளிப் பதிவேட்டில் இரண்டு பையன்களுக்குத் தகப்பனார் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறது. அதற்காக அவர்களை அண்ணன் தம்பி என்று சொல்லிவிட முடியுமா? இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. நல்லும் நல்லும் சமமா என்ற கேள்விக்கு விடை நல் என்பதன் அர்த்தம் இவ்வளவுதான்.

வினை, அது எஸ்க்யூஎல்லுக்குள் குடியேறியபோது வந்தது. ஒரே வீட்டில் அறைக்கொரு சட்டம். குவெரியின் நிபந்தனையில் 'தெரியாது' வந்தால் வரி வெளியே போய்விடும். டேபிளின் செக் விதியில் அதே 'தெரியாது' வந்தால் வரி உள்ளே வந்துவிடும். வரிகளைக் குழுவாகச் சேர்க்கச் சொன்னாலோ, சமமா என்றால் தெரியாது என்று சாதித்த நல்கள் எல்லாம் ஒரே குழுவில் போய் உட்கார்ந்துகொள்ளும். 'நாட் இன்' பட்டியலுக்குள் ஒரே ஒரு நல் புகுந்தால் போதும், குவெரி ஒரு வரியும் தராது. இதில் ஒருமுறையாவது விழாத ப்ரோகிராமரை நான் பார்த்ததில்லை.

ஊருக்கு ஊர் மாறுவதுபோல டேட்டாபேஸுக்கு டேட்டாபேஸ் பழக்கமும் மாறியது. ஆரக்கிளில் வெற்றுச் சரமே நல்தான். எஸ்க்யூஎல் சர்வரில், ஒரே மதிப்பு இருமுறை வரக்கூடாது என்று யுனிக் விதி போட்ட கட்டத்தில் ஒரு நல்லுக்குத்தான் இடம். போஸ்ட்கிரெஸ்ஸில் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். 2022இல் வந்த அதன் 15ஆம் பதிப்பில்தான், ஒன்றுக்குமேல் கூடாது என்று சொல்லவும் வழி செய்தார்கள். நம் ஆட்களுக்கு இதில் தனியாக ஒரு சங்கடம் உண்டு. அப்பா பெயரின் முதலெழுத்தோடு நின்றுவிடுகிற நமக்குக் கடைசிப் பெயர்க் கட்டம் நல்லாகவே கிடக்கும். முதல் பெயரோடு அதை ஒட்டச் சொன்னால், எஸ்க்யூஎல் தரத்தின் விதிப்படி முழுப் பெயரும் நல்லாகிவிடும். ஆரக்கிளில் மட்டும் பெயர் பிழைத்துக்கொள்ளும்.

என் குவெரியைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது முதலில் கை போனது 'கோயலஸ்' பக்கம். நல் இருக்கும் இடத்தில் வெற்றுச் சரத்தை வைத்து ஒப்பிடு என்பது வழக்கமான வைத்தியம். ஆரக்கிளில் இந்த வைத்தியம் பலிக்காது. நல்லுக்குப் பதிலாக நல்லையே வைத்ததாகிவிடும். மற்ற இடங்களில் பலிக்கும், ஆனால் நிஜமாகவே வெற்றாக விட்ட கட்டத்துக்கும் தெரியாத கட்டத்துக்கும் வித்தியாசம் போய்விடும். வெற்றுக்குப் பதில் 0 வைத்தால், மறுபடி 9999 காலத்துக்கே திரும்பிவிட்டோம் என்று அர்த்தம்.

எனக்கு வேண்டியது வேறு கேள்வி. 'இந்த இருவரின் நம்பர் உலகத்தில் ஒன்றா?' என்று நான் கேட்கவில்லை. 'இந்த இரண்டு பதிவும் ஒன்றுபோல இருக்கிறதா?' என்றுதான் கேட்கிறேன். இந்த இரண்டாவது கேள்விக்கென்று எஸ்க்யூஎல்லின் 1999 தரத்தில் ஒரு சொல் வந்தது: 'இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்'. நல்லும் நல்லும் என்றால் வேறில்லை. நல்லும் நம்பரும் என்றால் வேறு. மூன்றாவது விடையே கிடையாது. எஸ்க்யூஎல் சர்வருக்கு அது 2022 பதிப்பில்தான் போய்ச் சேர்ந்தது. மைஎஸ்க்யூஎல் சமக்குறியின் இரு பக்கமும் அம்புமுனை வைத்துத் தனிக்குறி செய்துகொண்டது. ஆரக்கிளின் பழைய 'டீகோட்' இரண்டு நல்லைச் சமம் என்றே எடுத்துக்கொள்ளும். இவ்வளவு சாதாரணமான கேள்விக்கு இவ்வளவு சுற்றுப்பாதை.

காட்டுக்கும் மனம் ஆறவில்லை. 1990 புத்தகத்தில் நல்லை இரண்டாகப் பிரித்தார்: மதிப்பு உண்டு, நமக்குத் தெரியவில்லை என்பதற்கு ஒரு குறி, அந்த ஆளுக்கு அந்தக் கட்டமே பொருந்தாது என்பதற்கு இன்னொரு குறி. விடைகள் மூன்றிலிருந்து நான்காயின. அவரோடு நெருங்கி வேலை செய்த கிறிஸ் டேட்டோ, நல்லே வேண்டாம், தூக்கியெறியுங்கள் என்று தொடர்ந்து வாதாடினார். நான்கு விடை முறை எந்தப் பெரிய டேட்டாபேஸுக்குள்ளும் நுழையவில்லை. நல்லையும் யாரும் எறியவில்லை.

குவெரியைத் திருத்தி ஓட்டினேன். விடுபட்ட நம்பர்கள் வரிசையாக வந்து விழுந்தன. சரிபார்க்க அக்காவிடம் போனபோது மேசையடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தார். பழைய டேபிளில் காலியாக இருந்தவர்களை அதில் பார்த்தேன். சிலர் பெயருக்கு நேரே சின்னக் கோடு. சிலருக்கு ஒன்றுமில்லை.

"கோடு போட்டவங்களுக்கு ரெண்டாவது நம்பரே கிடையாது தம்பி. போடாதவங்ககிட்ட இன்னும் கேக்கல."