சன்ஷேடுக்கு அடியில் குளவிக் கூடு... கலைக்கணுமா, விடணுமா? மழைக்காலத்தில் தெரிஞ்சிருக்க வேண்டியவை

தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கலாம் என்று ஏணி போட்டு ஏறினால், சன்ஷேடுக்கு அடியில் ஏதோ ஒன்று தொங்குகிறது. பக்கத்தில் நாலைந்து குளவிகள் சுற்றுகின்றன. கையில் துடைப்பம். தட்டி விடலாமா, இல்லை சத்தமில்லாமல் இறங்கி விடலாமா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பல வீடுகளில் வரும் கேள்வி இது. தமிழில் கூதிர் காலம் என்று சொல்லப்படும் இந்த இரண்டு மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டும். புதர் மண்டும், பூச்சி பெருகும். மழை படாத இடம் தேடும் குளவிக்கு வீட்டுச் சுவரும் பரணும் வசதியாகப் போய்விடும். நாமும் வீட்டைச் சுத்தம் செய்ய, பட்டாசு வெடிக்க, தோட்டத்துப் புதரை வெட்ட என்று அதன் பக்கத்திலேயே போய் நிற்போம்.

எல்லாக் குளவியும் ஆபத்து இல்லை. ஆனால் ஒரு சில வகை உயிரையே எடுத்துவிடும். எது எது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

எந்தக் கூடு, எந்தக் குளவி?

மண் கூடு: ஜன்னல் ஓரம், சுவர் மூலை, சுவிட்ச் பாக்ஸ் பக்கத்தில் களிமண்ணைக் குழைத்து அப்பியது போல இருக்கும். ஒல்லியான இடுப்புள்ள குளவி ஒன்றே ஒன்றுதான் வந்து வந்து போகும். இது கூட்டமாக வாழாது. கையால் பிடித்தால் ஒழியக் கொட்டுவதும் அரிது.

இந்தக் கூடு வீட்டில் வந்தால் குழந்தை பிறக்கும் என்பது ஊர்ப்பக்க நம்பிக்கை. புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவியாக மாற்றிவிடும் என்றும் சொல்வார்கள். உண்மையில் நடப்பது வேறு. தாய்க்குளவி சிலந்தியையோ புழுவையோ கொட்டி அசையவிடாமல் செய்து, மண் அறைக்குள் வைத்து, அதன்மேல் முட்டையிட்டு மூடிவிடும். முட்டையிலிருந்து வரும் குளவிக்குஞ்சுக்கு அதுதான் சாப்பாடு. சில நாள் கழித்துக் குளவி வெளியே வருவதைப் பார்த்தவர்கள், புழுதான் குளவியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

குடை போல தொங்கும் காகிதக் கூடு: பழைய காகிதம் மாதிரி சாம்பல் நிறம். கீழே அறை அறையாகத் திறந்திருக்கும். சன்ஷேடு, பால்கனி கிரில், ஏசி வெளி யூனிட்டின் பின்பக்கம், தண்ணீர் மீட்டர் பெட்டி ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். சீண்டினால் கொட்டும். நன்றாக வலிக்கும்.

பந்து போல மூடிய பெரிய கூடு: இதுதான் கதண்டு. டெல்டா பக்கம் கதண்டு என்பார்கள், வேறு ஊர்களில் கடந்தை. செய்திகளில் 'விஷ வண்டு' என்று வருவதும் பெரும்பாலும் இதுதான். உடம்பு கருப்பு அல்லது அடர் பழுப்பு, வயிற்றில் மஞ்சள் பட்டை. கூட்டைச் சுற்றி வரி வரியாகக் காகித உறை, கீழே அல்லது பக்கவாட்டில் ஒரே ஒரு ஓட்டை. தென்னை, பனை, புதர், கூரை இடுக்கு, மரப்பொந்து என எங்கும் இருக்கும்.

ஏரிக்கரை, வாய்க்கால் கரையில் புதர் வெட்டப் போன 100 நாள் வேலைத் தொழிலாளர்களைக் கதண்டு கொட்டிய செய்தி அடிக்கடி வருகிறதே, அதற்குக் காரணம் இந்தக் கூடுதான்.

தேன்கூடு: சில சமயம் அடுக்குமாடி வீடுகளில் பெரிய அடை ஒன்று தொங்கும். அதன்மேல் பூச்சிகள் போர்வை போலப் படர்ந்திருந்தால் அது மலைத்தேனீ. குளவி என்று நினைத்துக் கொளுத்திவிடக் கூடாது. தேனீ வளர்ப்பவர்கள், தேன் எடுத்துப் பழகியவர்களைக் கூப்பிடுவதே சரி. தேனீக்களும் கூட்டமாகக் கொட்டினால் ஆபத்துதான்.

'குளிர் வந்தால் தானா செத்துடும்' என்பது இங்கே பொருந்துமா?

இணையத்தில் தேடினால், "இலையுதிர் காலம்தானே, கொஞ்ச நாள் பொறுங்கள், கூடு தானாக அழிந்துவிடும்" என்ற ஆலோசனை நிறைய கிடைக்கும். அது பிரிட்டன் போன்ற குளிர் நாடுகளுக்கானது.

அங்கே கோடை முடியும்போது கூட்டில் குளவிகள் உச்ச எண்ணிக்கையில் இருக்கும். வேலைக்காரக் குளவிகள் பூச்சியைப் பிடித்து வந்து குஞ்சுகளுக்கு ஊட்டும். பதிலுக்குக் குஞ்சுகள் சுரக்கும் இனிப்பு நீர்தான் வளர்ந்த குளவிகளுக்கு உணவு. இலையுதிர் காலத்தில் குஞ்சுகள் குறைந்ததும் இனிப்புக்காக அவை ஜாம், பழம், ஜூஸ் என்று வீட்டுக்குள் வந்துவிடும். பிறகு பனி விழுந்ததும் கூடு முழுக்க அழியும். புது ராணிகள் மட்டும் எங்காவது ஒளிந்து குளிர்காலத்தைக் கடத்தும்.

தமிழ்நாட்டின் சமவெளியில் அப்படி உறைபனி எதுவும் விழுவதில்லை. அதனால் "மார்கழி வரட்டும்" என்று காத்திருந்தால், சின்னக் கூடு பெரிய கூடாகிவிடும் வாய்ப்புதான் அதிகம். கூடு எந்த இடத்தில், எந்த வகை என்று பார்த்து முடிவு எடுக்க வேண்டும்.

எப்போது விடலாம், எப்போது எடுக்கணும்?

மண் கூட்டை அப்படியே விடலாம். இடைஞ்சலாக இருந்தால், குளவி வெளியே போன நேரத்தில் குச்சியால் சுரண்டி எடுத்துவிடலாம்.

நாணய அளவில் இருக்கும் காகிதக் கூட்டில் ஒன்றிரண்டு குளவிகள்தான் இருக்கும். முழுக்கை சட்டை, கண்ணாடி போட்டுக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு தள்ளி நின்று பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே அடித்து அகற்ற முடியும். ஏணிமேல் நின்றுகொண்டு இதைச் செய்யாதீர்கள். கொட்டுவதைவிட விழுவது பெரிய ஆபத்து. முன்பு குளவி கொட்டி உடம்பெல்லாம் தடித்தவர்கள் கிட்டவே போகக் கூடாது.

அதைவிடப் பெரிய காகிதக் கூடு, ஆள் நடமாடும் வாசல், பள்ளிக்கூடம், முதியவர் இருக்கும் அறை என்றால் பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிடுவது நல்லது.

கதண்டுக் கூடு என்றால் சந்தேகமே வேண்டாம். தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-ல் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வருகிற வரை பிள்ளைகளையும் ஆடு மாடுகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். தென்னை ஏறுபவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இதை மட்டும் செய்யாதீங்க

• கல் எறிவது, கம்பால் குத்துவது, தண்ணீர் பீய்ச்சுவது கூடாது. ஒரு கதண்டு நசுங்கினாலோ கொட்டினாலோ அதிலிருந்து கிளம்பும் வாசனை மற்றவற்றுக்கு எச்சரிக்கை மணி. மொத்தக் கூட்டமும் பாயும்.

• பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தாதீர்கள். கூரை வீடு, காய்ந்த ஓலை, மின்கம்பி பக்கத்தில் இருந்தால் கூட்டோடு வீடும் போகும்.

• கூட்டுக்குப் பக்கத்தில் பட்டாசு வெடிக்காதீர்கள், புகை மூட்டாதீர்கள். கோயில் விழா, இறுதி ஊர்வலம் போன்ற இடங்களில் வெடியால் கூடு கலைந்து கூட்டத்தைத் துரத்திய சம்பவங்கள் உண்டு.

• இரவில் டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள். வெளிச்சத்தை நோக்கிப் பறந்து வரும்.

• சுவர் ஓட்டைக்குள் கூடு இருந்தால் வாயை மட்டும் சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள். வேறு வழி தேடி வீட்டுக்குள் வந்துவிடும்.

ஒரு குளவி ரூமுக்குள்ள வந்துட்டா?

பகல் என்றால் ஜன்னலை முழுக்கத் திறந்து, உள்ளே லைட்டை அணையுங்கள். வெளிச்சம் பார்த்து வெளியே போய்விடும். துண்டை வீசி விரட்ட வேண்டாம். ஜன்னலில் உட்கார்ந்தால் டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி வெளியே விடலாம். தினமும் ஒன்றிரண்டு உள்ளே வருகிறது என்றால் பக்கத்தில் கூடு இருக்கிறது என்று அர்த்தம்.

துரத்திக் கொட்டினால்...

கூட்டைப் பார்த்துவிட்டீர்கள், ஆனால் அவை இன்னும் பாயவில்லை என்றால் சத்தம் போடாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். கொட்ட ஆரம்பித்துவிட்டால் நிற்காதீர்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஓடி, கதவு மூடிய வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்விடுங்கள். கிணற்றிலோ குளத்திலோ குதிக்க வேண்டாம். தலை தூக்கும் இடத்தில் கொட்டும், நீச்சல் தெரியாதவர்கள் மூழ்கிவிடுவார்கள்.

கொட்டிய பிறகு என்ன செய்வது?

தேனீ ஒரு தடவை கொட்டினால் அதன் கொடுக்கு தோலிலேயே சிக்கிக்கொள்ளும். அதை உடனே எடுத்துவிட வேண்டும். நகத்தாலா, அட்டையாலா என்று யோசிப்பதைவிடச் சீக்கிரம் எடுப்பதுதான் முக்கியம். குளவி, கதண்டுக்கு அப்படி இல்லை. ஒரே கதண்டு பல தடவை கொட்டும்.

கொட்டிய இடத்தைச் சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கையில் கொட்டியிருந்தால் வீங்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் தடவினால் தோல்தான் வெந்துபோகும். விஷம் தோலுக்கு அடியில் இறங்கியிருப்பதால் மேலே பூசுவது எதுவும் அதை முறிக்காது.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்:

• மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, குரல் மாறுவது
• உதடு, நாக்கு, கண் இமை வீங்குவது
• கொட்டாத இடத்திலும் தடிப்பு, அரிப்பு
• தலைசுற்றல், மயக்கம், தொடர் வாந்தி, நெஞ்சுவலி
• வாய்க்குள் அல்லது தொண்டையில் கொட்டியிருப்பது

இது ஒவ்வாமை அதிர்ச்சி. ஒரே ஒரு கொட்டில்கூட சிலருக்கு வரும், நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். இதற்கான முதல் மருந்து தொடைத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசி. வீட்டில் அலர்ஜி மாத்திரை கொடுத்துவிட்டு "பார்க்கலாம்" என்று காத்திருப்பது நேரத்தை வீணாக்கும். மயக்கமாக இருந்தால் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி வையுங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரவையுங்கள்.

'வலி குறைஞ்சிடுச்சே' என்று வீட்டிலேயே இருக்கலாமா?

கதண்டு பத்துப் பன்னிரண்டு இடத்தில் கொட்டியிருந்தால், ஒவ்வாமை இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். நிறைய விஷம் ஏறினால் தசையும் ரத்த அணுக்களும் சிதைந்து, அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைத்துவிடும். இது கொட்டிய உடனே தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துச் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போவது, அளவு குறைவது என்று ஆரம்பிக்கும். சரியான நேரத்தில் சலைன் ஏற்றுவதும், தேவைப்பட்டால் டயாலிசிஸும் உயிரைக் காப்பாற்றும். பாம்புக்கடிக்கு இருப்பது போல கதண்டு விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. அதனால் தாமதிக்காமல் போவது ரொம்ப முக்கியம். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இதைவிடக் குறைவான கொட்டுகளே ஆபத்தாகலாம்.

வராமல் தடுக்க

மாதம் இரண்டு தடவை சன்ஷேடு, மாடிப்படி அடி, மோட்டார் ரூம், பூட்டிக் கிடக்கும் பாத்ரூம், ஷட்டர் பெட்டியைக் கீழிருந்தே பாருங்கள். ஜன்னலுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டைக்கும் வலை அடியுங்கள். குப்பைத்தொட்டியை மூடுங்கள். அழுகிய பழத்தை வெளியே போடாதீர்கள். திறந்து வைத்த கூல்டிரிங்க் கேனைப் பார்க்காமல் குடிக்காதீர்கள்.

அதற்காகக் கண்ணில் படும் குளவியை எல்லாம் கொல்லவும் வேண்டாம். கத்தரி, தக்காளிச் செடியைத் தின்னும் புழுக்களைப் பிடித்துப் போவது குளவிதான். ஆலும் அரசும் காய்த்து விதை விடுவதும், அந்தப் பழத்துக்குள் போய் மகரந்தம் சேர்க்கும் கடுகளவு குளவியால்தான்.

துடைப்பத்தை எடுக்கும் முன் ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாருங்கள். மண் கூடு என்றால் விட்டுவிடலாம். வரி வரியான பந்து என்றால் மெதுவாக இறங்கி வந்து, 101-க்கு போன் போடுங்கள்.