பாண்டியர் இழந்த குதிரைகள்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ ஓர் அவலத்தைப் பதிவு செய்தார். ஓர்முஸ், ஏடன் துறைமுகங்களிலிருந்து மன்னர் ஆயிரக்கணக்கில் வாங்கிய குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. தீனியோ சோறும் வேகவைத்த இறைச்சியும்.

ஆனால் குதிரை வளர்ப்பு பற்றிய நூலறிவு இந்தியாவுக்குப் புதிதல்ல.

குதிரையின் இனம், வயது, நிறம், அடையாளம், பிறந்த நாடு எல்லாவற்றையும் ஏட்டில் பதியச் சொல்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். ஆறு மாதம்வரை குட்டிக்குப் பால். மாதந்தோறும் கூட்டும் தீனி. நான்கைந்து வயதில்தான் வேலை. பயிற்சியிலும் வட்டமிட்டு ஓடுதல், மென்னடை, தாவல், பாய்ச்சல், குறிப்பறிந்து நடத்தல் என்று தனித்தனி வகைகள் உண்டு. எவ்வளவு பொறுமையான திட்டம்!

பாண்டியரிடம் பொன் இருந்தது. குதிரைகளைக் காப்பாற்ற அது போதவில்லை.